ஆறாத புண்ணும் ஆறாவது கட்டமும்

‘உன் நிறம் என்ன?’ என்று கேட்டுவிட்டுத்தான் கணக்கு தொடங்குகிறது. இன்னாருக்குத் தோல் புற்றுநோய் வரும், இன்னாருக்கு வராது என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிற கணக்கு. கைபேசித் திரையில் ஆறு கட்டங்கள். முதல் கட்டம், வெயில் பட்டால் வெந்து சிவந்துபோகிற வெள்ளை. ஆறாவது கட்டம், எந்த வெயிலுக்கும் வேகாத கருங்கறுப்பு. நம் மாணவத் தோழர் ஒருவர் ஆறாவதைத் தொட்டதும் ‘குறைந்த ஆபத்து’ என்று பச்சையில் பதில் வந்தது. ‘நம்ம கலருக்கு ஒரு எடத்துலயாவது பாஸ் மார்க் போட்டாங்களே’ என்று சிரித்தார். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தப் பச்சையை நம்பி ஒருவர் தன் காலிலிருக்கும் புண்ணைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் அது சிரிப்போடு முடியாது. சாதிக் கொலைகளும் பொய் வழக்குகளும் தேர்தல் பேரங்களும் இருக்கும்போது தோல் வியாதிக்கு ஒரு தலையங்கமா என்று கேட்கும் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். தோல், நிறம், தொடுதல் என்பவை நமக்கு ஒருநாளும் வெறும் மருத்துவச் சொற்களாக இருந்ததில்லை.

அந்த ஆறு கட்டங்களுக்கு ஒரு பிறந்த வருஷம் உண்டு. 1975. அமெரிக்காவில் ஹார்வர்டைச் சேர்ந்த தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவர் வகுத்தது. சோரியாசிஸ் நோயாளிகளுக்குப் புறஊதாக் கதிர் வைத்தியம் செய்யும்போது எவ்வளவு கதிர் கொடுத்தால் தோல் வெந்துபோகாது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. முதலில் அவர் வகுத்த கட்டங்கள் வெள்ளைத் தோலின் உட்பிரிவுகள்தான், நான்கு. மண்ணிறமும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. நான்கு உள்ளே, ஐந்தாவது வெளியே என்ற கணக்கு நமக்குப் புதுசா என்ன? பஞ்சமன் என்ற சொல்லே அப்படி வந்ததுதான். அந்த டாக்டர் மனுவைப் படித்துவிட்டுக் கட்டம் போட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் வாசலுக்கு யார் வந்தார்களோ அவர்களை வைத்து வகுத்தார். வராதவர்களுக்குப் பிற்பாடு கடைசியில் ஒரு பலகை போட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவே. ஆனால் கதிர் அளவுக்காகப் போட்ட கட்டம் மெல்ல மெல்ல நோயைக் கணிக்கும் கட்டமாக, ஏறக்குறைய இனத்தைக் குறிக்கும் கட்டமாகவே புழங்கத் தொடங்கிவிட்டது.

அதே 1975இல்தான் இந்தியாவில் ஃபேர் அண்டு லவ்லி கிரீம் கடைக்கு வந்தது. ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் தோலுக்கு எண், இன்னொரு பக்கம் தோலுக்குச் சாயம். 2020இல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டு ‘க்ளோ’ என்று மாற்றினார்கள். டியூபுக்குள் இருக்கிற ஆசை மாறிவிட்டதா என்பதைக் கல்யாணத் தரகர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி கணிப்புக் கருவிகளுக்கு வருவோம். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரு கணிப்பானை உருவாக்கியது. தோல் புற்றுநோய்களிலேயே கொடூரமான மெலனோமா அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒருவருக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்லும். வயது, வசிக்கும் பகுதி, நிறம், வெயிலில் வெந்த கதை, மச்சங்கள், தேமல் போன்ற புள்ளிகள் எல்லாவற்றையும் கேட்கும். ஃபிலடெல்ஃபியாவிலும் சான்ஃபிரான்சிஸ்கோவிலும் வெள்ளையர்களிடம் எடுத்த தகவலை வைத்துக் கட்டப்பட்டது. 2006இல் அந்த ஆய்வு வெளியானபோதே இது வெள்ளையர்களுக்கான கணக்கு என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மை, அதைப் பார்த்துக் கைபேசிக்குச் சரக்கு தயாரித்து விற்கிறவர்களிடம் வரும்போது கரைந்துபோகிறது.

போட்டோ எடுத்தால் இயந்திரமே பார்த்துச் சொல்லிவிடும் என்கிறார்கள் இப்போது. அந்த இயந்திரத்துக்குப் பாடம் நடத்தப் பயன்படுகிற படங்களை 2021இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட 21 தொகுப்புகள், ஒரு லட்சத்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் தோலின் வகை என்ன என்று குறிக்கப்பட்டவை 2,436. அந்த 2,436இல் மண்ணிறத் தோல் 10 படம். அடர்மண்ணிறமோ கறுப்போ ஒரே ஒரு படம். எந்த இனத்தவர் என்று குறிக்கப்பட்டிருந்த படங்கள் 1,585. அவற்றில் ஆப்பிரிக்க வம்சாவளியோ தெற்காசிய வம்சாவளியோ ஒருவர்கூட இல்லை. ஒருத்தர்கூட. நம்மைப் பார்த்தே இராத கண் நம்மைப் பார்த்து ‘குறைந்த ஆபத்து’ என்கிறது.

நான் வங்கியில் எழுத்தராக உட்கார்ந்து பொழப்பு நடத்துகிறவன். ‘ரிஸ்க்’ என்ற சொல்லோடு பன்னிரண்டு வருஷப் பழக்கம். தாட்கோ மானியத்தோடு ஆட்டோ வாங்கவும் கறவை மாடு வாங்கவும் வருகிற நம்ம சனங்களின் விண்ணப்பங்கள், முகவரியில் ‘காலனி’ என்று இருந்த ஒரே காரணத்தால் அடுக்கின் அடிக்குப் போனதை நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓரத்தில் பென்சிலால் ரிஸ்க் என்று எழுதியிருக்கும். பேனாவால் எழுத மாட்டார்கள், அழிக்க வசதி. வங்கிப் பாஷையில் ரிஸ்க் என்பது வங்கியின் பணத்துக்கு வரும் ஆபத்து. மாடு செத்துப்போனால் அந்தக் குடும்பம் என்ன ஆகும் என்பது அந்தக் கட்டத்துக்குள் வராது. அதனாலேயே எந்தக் கணிப்பைக் கண்டாலும் எனக்குள் எழுகிற முதல் கேள்வி, யாருடைய பழைய கணக்கை வைத்து யாருக்காகப் போட்டது இது என்பதுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. கறுப்பு உண்மையிலேயே ஒரு குடை. 1979இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். வெயிலில் உள்ள கடுமையான புறஊதாக் கதிரில் வெள்ளையரின் மேல்தோல் ஏறக்குறைய 24 சதவீதத்தை உள்ளே விடுகிறது, கறுப்பரின் மேல்தோல் 7 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. மெலனின் என்ற நிறமி செய்கிற வேலை. இந்தியாவில் எல்லாப் புற்றுநோய்களையும் கூட்டினால் தோல் புற்றுநோய் நூற்றுக்கு ஒன்றிரண்டு அளவுதான். ஆஸ்திரேலிய வெள்ளையரோடு ஒப்பிட்டால் நமக்கு மெலனோமா மிக மிக அபூர்வம். எதைத் தேய்த்துப் போக்கச் சொல்லித் தலைமுறை தலைமுறையாக நம் பெண் பிள்ளைகளை அழவைத்தார்களோ அதுதான் அவர்களைக் காத்துக்கொண்டிருக்கிறது. இதைச் சந்தோஷமாகவே சொல்லலாம்.

குடைக்கு வெளியே நிற்கிற இடங்கள் உண்டு. உள்ளங்காலில் நிறமி குறைவு, வெயிலும் படாது. தீக்காயத் தழும்புக்கு நிறம் எதுவானாலும் ஒன்றுதான். பிறவியிலேயே நிறமி இல்லாத பிள்ளைகள் நம் குடும்பங்களிலும் பிறக்கிறார்கள். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் களிம்பும் மெய்யாகவே அவர்களுக்குத்தான் தேவை, அவர்களைத்தான் தெருவில் வெள்ளைக்காரன் என்று கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தியாவில் தோல் புற்றுநோய் பற்றிய பெரும்பாலான ஆஸ்பத்திரிக் கணக்குகளில் முன்னால் நிற்பது செதிள் செல் வகை. அது பல நேரம் வெயிலால் வருவதில்லை. நாள்பட்ட புண், தழும்பு, உராய்வு, சூடு, விஷம் இவற்றிலிருந்து வருகிறது. அதாவது தோலின் நிறத்திலிருந்து வருவதைவிட அந்தத் தோல் பட்ட பாட்டிலிருந்து வருகிறது. கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் தப்பிப் போகிறது.

கணிப்பு என்ற உடனே ஜாதகத்தோடு சேர்த்துத் திட்டிவிட்டுப் போவது எளிது. ஜாதகம் பிறந்த நேரத்தைக் கேட்கும், சாதி பிறந்த வயிற்றைக் கேட்கும். மருத்துவத்தில் புற்றுநோய்க்கான முதல் நல்ல கணிப்பு வேறு ஒன்றைக் கேட்டது. 1775. லண்டனில் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர். பணக்கார வீடுகளின் புகைபோக்கிக்குள் ஏறி இறங்கிக் கரி துடைக்க ஏழைப் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். குறுகலான துவாரம் என்பதால் சின்ன உடம்பாக வேண்டும், துணிகூட இல்லாமல் ஏறுவார்கள். அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் விதைப்பையின் தோலில் புண் வந்து செத்தார்கள். மேகவியாதி என்று மற்ற வைத்தியர்கள் ஒதுக்கிய அந்தப் புண்ணை, கரி தோல் மடிப்புகளில் தங்குவதால் வரும் புற்று என்று பாட் எழுதினார். ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. இரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் இதைவிட நல்ல கேள்வியைக் கைபேசி கண்டுபிடிக்கவில்லை. ஆனால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1775இல் தெரிந்தும், சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றுவது உருப்படியான சட்டத்தால் நின்றது 1875இல். கணிப்பு சரியாக இருந்தும் நூறு வருஷம். மலக்குழிக்கு 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் போட்டும் இன்னும் பிணம் தூக்குகிற நமக்கு இந்தக் கணக்கு புரியும்.

1915இல் ஜப்பானில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றை வரவழைத்துக் காட்டினார்கள். பாட் சொன்னது சோதனைச்சாலையில் உறுதியானது. உடனே நம் ரோட்டு வேலைச் சனங்களின் தார் டின் ஞாபகம் வரும். நாம் தார் என்று சொன்னாலும் இன்று ரோட்டில் ஊற்றுவது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பிட்டுமன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் நிலக்கரித் தாரை உறுதியான எதிரிகளின் வரிசையிலும், ரோடு போடும் பிட்டுமன் புகையைச் சந்தேக வரிசையிலும் வைத்திருக்கிறது. அதேபோல் தோல் ஷாப்புகள். திருவான்மியூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் லெதர் கம்பெனியால் வந்தது. செத்த மாட்டின் தோலைத் தொட்டதால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களின் கையில் குரோமியம் குழிப்புண் போட்டது என்பது உண்மை. அந்தக் குழிப்புண் புற்றாக மாறும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை, ஆகவே அதை இந்தக் கணக்கில் கூட்ட மாட்டேன். நம் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காகக் கணக்கை ஏற்றிச் சொன்னால் பென்சிலால் எழுதுகிறவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

இந்தத் துணைக்கண்டத்திலேயே பாட் வழியில் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். காஷ்மீரில் குளிருக்குக் கரி நெருப்புச் சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள், காங்ரி என்று பெயர். தொடையிலும் அடிவயிற்றிலும் வருஷக்கணக்காகச் சூடு பட்டுப் பட்டுப் புற்று வருவதை எல்ம்ஸ்லி என்ற பாதிரி மருத்துவர் 1866இல் எழுதினார். பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையின் கனோல்கர், இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் புற்றை 1945இல் எழுதினார். பிறகு சேலைப் புற்று என்று ஒரு பெயர் வந்தது. 2024இல் மகாராஷ்டிரத்தையும் பீகாரையும் சேர்ந்த இரண்டு வயதான பெண்களின் கதையைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர்கள் எழுதினார்கள். குற்றவாளி சேலைகூட இல்லை, பாவாடை நாடா. இறுக்கிக் கட்டிய நாடா வியர்வையோடு தினம் தினம் ஒரே இடத்தில் அறுத்து, புண்ணாகி, ஆறாமல், புற்றாகியிருக்கிறது. நாற்று நடுகிறவள், கல் சுமக்கிறவள், குனிந்து கூட்டுகிறவள் நாடாவைத் தளர்த்திக் கட்ட முடியுமா? அகலமான நாடா வைத்துத் தைத்துக்கொள்ளலாம், முடிச்சை இடம் மாற்றிப் போடலாம். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும் என்பதில்லை, ஒரு டெய்லர் போதும்.

தீக்காயத் தழும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய தழும்பு வருஷங்கள் கழித்துத் திறந்து ஆறாத புண்ணாகி வளர்வதை 1828இல் பிரான்சில் மார்ஜோலின் என்பவர் எழுதி வைத்தார், இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். தழும்புகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இப்படி மாறும். ஆனால் மாறுவதற்கு எடுத்துக்கொள்ளும் காலம் சராசரியாக முப்பது வருஷத்தைத் தொடும். குடிசை எரிந்த செய்தி பேப்பரில் ஒருநாள் வருகிறது, மறுநாள் மறைகிறது. எரிந்த கால் முப்பது வருஷம் காத்திருக்கிறது.

என் அத்தைக்கு அப்படித்தான் நடந்தது. மதுராந்தகம் பக்கம் எங்கள் சேரி எரிந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. தீ தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று இன்றைக்கு வரைக்கும் பேச்சு இருக்கிறது. இடது கெண்டைக்கால் முழுக்க வெந்துபோயிற்று. ஆறியது. அந்தக் காலோடு முப்பத்தைந்து வருஷம் சேற்றில் நின்று நாற்று நட்டாள். பிறகு தழும்பின் நடுவில் திறந்தது. திறக்கும், மூடும், மறுபடியும் திறக்கும். பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் சக்கரைப் புண் என்றார்கள். சக்கரை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. இரண்டு வருஷம் களிம்பு. அத்தனை முறை போனபோதும் அந்த டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே எட்டிப் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒருமுறைகூட காலைக் கையால் தொடவில்லை. கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஓரத்தை அழுத்திப் பார்த்து, தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, துணுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அதற்குள் எலும்பைத் தொட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அத்தை பிழைத்துக்கொண்டாள். ‘புண்ணு தானேன்னு இருந்தேன்டா’ என்றாள் என்னிடம், ‘புண்ணு இல்லாத காலு நம்ம தெருவுல எங்கடா இருக்கு?’

புற்றுநோய்களிலேயே கண்ணுக்கு நேராகத் தெரிவது தோல் புற்றுநோய். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். பார்க்க ஒரு கண், தொட ஒரு விரல், ஐயம் தீர ஒரு துணுக்குச் சதை. அப்படிப்பட்ட நோய் எலும்பைத் தொடும்வரை கண்டுபிடிக்கப்படவில்லை என்றால் அங்கே குறைந்தது கருவி இல்லை. அந்தக் காலைப் பார்க்க யாரும் குனியவில்லை. பாதத்திலிருந்து சூத்திரன் பிறந்தான் என்று சொன்னவர்கள், நமக்கு அந்த உடம்பிலேயே இடம் வைக்கவில்லை. பாதத்துக்கும் கீழே இருக்கிறவர்களின் பாதத்தை யார் பார்ப்பார்கள்?

கருந்தோல் மனிதர்களுக்கு மெலனோமா அபூர்வமாக வரும்போது அது பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில். பாப் மார்லியின் பாட்டைக் கேட்காத தோழர் நம்மில் குறைவு. 1977இல் அவருடைய கால் பெருவிரலில் இருந்தது கால்பந்து ஆட்டத்தில் பட்ட அடி என்று நினைத்திருந்தது, மெலனோமா என்று தெரிந்தது. 1981 மே 11ஆம் தேதி, 36 வயதில் செத்துப்போனார். அமெரிக்காவில் மெலனோமா வந்த வெள்ளையர்களில் ஐந்து ஆண்டு பிழைத்திருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், கறுப்பர்களில் எழுபது அளவில். வருவது அவர்களுக்குக் குறைவு, வந்தால் சாவது அதிகம். ‘உனக்கு வராது’ என்று சொல்லிச் சொல்லியே தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். பச்சை விளக்கு செய்கிற கொலை இதுதான்.

நகத்தில் கறுப்புக் கோடு என்றதும் பதற வேண்டாம். கருந்தோல் உள்ளவர்களுக்குப் பல விரல்களில் பழுப்புக் கோடுகள் இயல்பாகவே இருக்கும். ஒரே ஒரு விரலில் புதிதாக வந்து அகலமாகிக்கொண்டே போவது, நகத்தைத் தாண்டி அடித்தோலுக்கும் கறுப்பு பரவுவது, இவைதான் காட்ட வேண்டியவை.

வெயிலைப் பற்றி. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2023இல் சேர்ந்து வெளியிட்ட கணக்கின்படி, வெட்டவெளியில் வேலை செய்ததால் வந்த, மெலனோமா அல்லாத தோல் புற்றுநோயில் 2019 ஒரே ஆண்டில் 183 நாடுகளில் ஏறக்குறைய 19,000 பேர் செத்திருக்கிறார்கள். வெயில் வேலைக்காரனின் நோய் என்பதை அவர்களே ஒப்புக்கொண்ட கணக்கு. அந்தச் சாவுகள் எல்லா நிறத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதும் உண்மை. காலையில் திருவான்மியூர் கடற்கரைக்குப் போனால் முகத்தில் வெள்ளைக் களிம்பும் தலையில் தொப்பியுமாக நடைபயிற்சிக்காரர்கள் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுவார்கள். மணலைக் கூட்டுகிற அக்காக்கள் பன்னிரண்டு மணிக்கும் அங்கேயே நிற்பார்கள். (பக்கத்துத் தெருக்களுக்கு வால்மீகி நகர் என்று பெயர். வடக்கே வால்மீகி என்றால் துப்புரவு வேலைக்கென்று தள்ளப்பட்ட சனங்களின் பெயர். இங்கே மனை வாங்க முடியாத இடத்தின் பெயர்.) அந்த அக்காக்களுக்கு வேண்டியது நடுப்பகலில் நிழல், தண்ணீர், மிதித்தாலும் கிழியாத செருப்பு, குத்தினால் கட்டுப்போட மருந்து. களிம்பு விளம்பரத்தை நம் தலையில் கட்டுவதற்கு முன்னால் இதைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்த ஊர்ச் சிவனுக்கு மருந்தீசர் என்று பெயர். அகத்தியருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்தாராம். கூப்பிடு தூரத்தில் அடையாறு புற்றுநோய் நிறுவனம். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1955இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் சாகும்வரை அதிலேயே இருந்தார். சென்னைப் பெருநகரில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வந்தது என்று எழுதிவைக்கும் பதிவேட்டை 1981 முதல் பராமரிக்கிறார்கள். பெரிய காரியம், வணங்குகிறேன். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், பேரேட்டின் அருமை எனக்குத் தெரியும். அதனாலேயே ஒரு கோரிக்கை. உலகம் முழுக்கப் புற்றுநோய்க் கூட்டுத்தொகைகளில் பல ‘மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் நீங்கலாக’ என்ற அடிக்குறிப்போடு வருகின்றன. வெள்ளையர் நாட்டில் அது ஏராளம், சுலபமாக வெட்டி எடுத்துவிடலாம், சாவும் குறைவு, ஆகவே கூட்டலில் விட்டுவிடுகிறார்கள். நம் அத்தைமாருக்கு வருவது அந்த ‘நீங்கலாக’ வகைதான். எந்த உடம்பில் எந்த இடத்தில் வந்தது, தழும்பிலா, புண்ணிலா, என்ன வேலை செய்தவர், எத்தனை மாதம் கழித்து வந்தார், எந்தச் சாதி என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிப் பார்க்கட்டும். அந்தப் பேரேடு இருந்தால்தான் நம் தோலுக்கான கணிப்பு பிறக்கும்.

அரசுக்கு ஒரு கோரிக்கை, செலவில்லாதது. 2021 ஆகஸ்டு முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீட்டு வாசலுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். வாய், மார்பு, கருப்பைவாய்ப் புற்றுநோய்களைப் பற்றிக் கேட்கிறார்கள். சரிதான், நம் பெண்களை அதிகம் கொல்பவை அவை. வாசல்வரை வந்த அந்தத் தங்கச்சி இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, ‘ஒரு மாசத்துக்கு மேல ஆறாத புண்ணு ஏதாவது இருக்காம்மா? பழைய தீக்காயம் திறந்திருக்கா? காலைக் காட்டுங்க’ என்று கேட்கட்டும். கேட்டதை எழுதிக்கொள்ள ஒரு கட்டம் வையுங்கள். ஏழாவது கட்டமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

அரசு வைக்கும்வரை நாம் காத்திருக்கப் போவதில்லை. இந்த இதழோடு ஒரு தாள் இணைத்திருக்கிறோம். நிறம் என்ன என்ற கேள்வி அதில் இல்லை. என்ன வேலை, எத்தனை வருஷம், வெறுங்காலோடா, தீக்காயம் உண்டா, எப்போது, எப்படி, இடுப்பில் நாடா பட்ட இடம் கறுத்துப் புண்ணாகியிருக்கிறதா, உள்ளங்காலில் வளர்கிற கறுப்பு உண்டா, ஆறாத புண்ணுக்கு இதுவரை எங்கெல்லாம் போனீர்கள், தொட்டுப் பார்த்தார்களா. பேர் எழுத வேண்டாம். தோழர்கள் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது எடுத்துப் போங்கள், முதலில் சொந்த வீட்டில் கேளுங்கள். நாம் டாக்டர் இல்லை, எந்தப் புண்ணையும் பார்த்துப் பேர் வைக்க வேண்டாம். ஓரம் தடித்து, பூக்கோசு மாதிரி எழும்பி, தொட்டால் ரத்தம் கசிந்து, நாற்றமெடுக்கிற புண்ணாக இருந்தால் களிம்புக் கடைக்கு விடாமல் கூடவே போங்கள். சென்னையில் ராயப்பேட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது, ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது, அடையாறு இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கத்துத் தோழர்களுக்குக் காரைப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ‘சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புங்க’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். நிரப்பிய தாள்கள் அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் வந்து சேர வேண்டும், தபால் செலவு இதழின் கணக்கில்.

திருவான்மியூர்
ஆசிரியர் குழுவுக்காக